ஆலங்கட்டி விதைத்த நாற்று

கூழ்ச்சட்டிக்குள் தொப்பென்று ஒரு கல் விழுந்தது.

சித்திரை மாதத்துப் பகல். கல்யாணமாகி நான் இந்த ஊருக்கு வந்த பிறகு இரண்டாவது கோடை. கழனிக்குக் கூழ் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வரப்போரத்துப் பூவரச மரத்தடியில் சட்டியை இறக்கி வைத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கையைக் கழுவிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் கல் விழுந்தது. கூழ் அவர் மீசையெல்லாம் தெறித்தது.

அவர் மேலே பார்க்கவில்லை. கிணற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே ஆதிநாத நைனார் தம்முடைய எள் வயலில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“பார்த்தியா ஆரோக்கியம், நைனாரு கல்லு உடறாரு.”

“அவரு நமக்கு முதுகைக் காட்டிக்கினு களை புடுங்கறாரு. முதுகாலயா கல்லு உடுவாரு?”

“அந்த ஆளு எதுவும் செய்வாரு.”

சாட்சிக்கு எடுத்துக் காட்ட வேண்டும் என்று சட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக் கல்லை எடுத்தார். எடுத்த வேகத்தில் கீழே போட்டார். “சுடுது” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “இல்ல, குளுருது” என்றார்.

அடுத்த கல் செம்பின் மேல் விழுந்து ணங் என்றது. அதற்கடுத்தது என் உச்சந்தலையில். அப்போதுதான் இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். ராஜகிரி மலையைக் காணோம். மலை இருந்த இடத்தில் ஒரு கருப்பு, அதன் அடியில் பச்சை கலந்த ஒரு வெளிச்சம். அது எங்களைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தது.

மீசை வந்த வகை

அந்த மீசையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். என் வீட்டுக்காரர் சவரிமுத்து, பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இந்த வாரமும் என்னைத்தான் இழுத்திருக்கியா” என்பார். இந்த வாரமும் அவரைத்தான் இழுத்திருக்கிறேன். ஆலங்கட்டியைப் பற்றி எழுதினால் அவரை விட்டுவிட்டு எழுத முடியாது.

எங்களுக்கு ஒன்றரைக் காணி நெல் இருந்தது. தை மாதம் நட்ட நவரைப் பட்டம். குருத்தோலை ஞாயிறுக்கு முன்பே பழுத்துத் தலை சாய்ந்துவிட்டது. “பெரிய வாரத்துக்கு மின்னயே அறுத்துடலாங்க” என்று நான் சொன்னேன். மாமியாரும் சொன்னார். வழியில் போகிறவர்கள்கூடச் சொன்னார்கள்.

“பாஸ்கு முடியட்டும்” என்றார் அவர்.

எங்கள் ஊரில் வருஷாவருஷம் உயிர்த்த ஞாயிறை ஒட்டிப் பாஸ்கு நாடகம் போடுவார்கள். அந்த வருஷம் அவருக்கு ரோமாபுரிச் சேவகர் தலைவன் வேஷம். அட்டையில் செய்து ஈயக் காகிதம் ஒட்டிய மார்புக் கவசம், சவுக்குக் கழியில் ஒரு ஈட்டி, சொந்த மீசை. மீசையை மட்டும் தபசு காலம் தொடங்கிய நாளிலிருந்து விளக்கெண்ணெய் போட்டு வளர்த்தார். நாடகம் முழுக்க அவருக்கு இருந்தது ஒரே வசனம். “வழி விடுங்கள்.” சொல்லிவிட்டு ஈட்டியால் தரையை இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். அதற்கு ஒரு மாதம் ஒத்திகை.

அறுப்பைத் தள்ளிப் போட்டதற்கு அவர் சொன்ன காரணத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

“நெல்லுச் சொணை தொண்டையில பட்டா கொரலு கட்டிக்கும். அப்புறம் யாரு வழி உடுவாங்க?”

நாடகம் நன்றாகவே நடந்தது. வழியும் விட்டார்கள். அறுப்புக்கு ஆள் சொன்னது உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வந்த புதன்கிழமைக்கு. கூழ்ச்சட்டியில் கல் விழுந்தது செவ்வாய்க்கிழமை.

ஜப்பான்காரனோடு சண்டை நடந்த காலம் அது. பர்மா அரிசி நின்றுபோயிருந்தது. செஞ்சிக் கடைத்தெருவில் அரிசிக்காகக் காலையிலேயே வரிசை நிற்கும். பாதிப் பேர் வெறும் பையோடு திரும்புவார்கள். அந்த ஒன்றரைக் காணி நெல் வீடு வந்து சேர்ந்தால் மாமியார், இரண்டு நாத்தனார்கள், நாங்கள் இரண்டு பேர், ஐந்து வாய்க்கும் மழைக்காலம் தாண்டும் வரை சோறு. வராவிட்டால் என்ன என்று நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

நைனார் கல் விட்டதாக அவர் நினைத்ததற்கும் ஒரு காரணம் உண்டு.

எங்கள் கழனிக்கும் நைனார் கழனிக்கும் நடுவில் இருந்தது பொதுக் கிணறு. மாடு கட்டி இறைக்கிற கவலைக் கிணறு. திங்கள், செவ்வாய், புதன் எங்கள் முறை. வியாழன், வெள்ளி, சனி நைனார் முறை. இரண்டு குடும்பத்துப் பாட்டன்மார்களும் பேசி வைத்த ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர்கள் ஒன்றும் பேசி வைக்கவில்லை.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மாடு பூட்ட மாட்டோம். பூசைக்குப் போவோம். நைனார் சமணர், அவருக்கு ஞாயிறும் ஒரு நாள்தான். அவர் பூட்டினார். என் மாமனார் இருந்தவரை அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் காலமாகி, நிலம் இவர் கைக்கு வந்ததும் இவருக்குச் சட்டம் தோன்றியது.

“நாங்க ஓய்வு நாளுன்னு எறைக்காம உட்ட தண்ணி. அது கெணத்துலயே இருந்து திங்கக்கிழமை எங்களுக்குச் சேரணும்” என்றார்.

“ஊறற தண்ணிக்கு ஞாயித்துக்கிழமை தெரியுமா?” என்று நைனார் கேட்டார்.

அதோடு பேச்சு நின்றது. ஒரு வருஷத்துக்கு மேலாக இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசவில்லை. ஆனால் ஒரே கிணற்றில் இறைக்கிறவர்கள் பேசாமல் இருக்க முடியாது. வடம் தேய்ந்திருக்கும், வாய்க்கால் உடைந்திருக்கும், சொல்லியாக வேண்டும். அதற்கு இரண்டு பேரும் மாடுகளைப் பிடித்துக்கொண்டார்கள். நைனாரிடம் மயிலை என்று ஒரு மாடு, எங்களிடம் செவலை. “செவலை, வடக்கால வாய்க்கால்ல நண்டு வளை போட்டிருக்குது, தெரிஞ்சவங்க அடைச்சிக்கட்டும்” என்று இவர் சொல்வார். “மயிலை, அடைச்சாச்சி” என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்.

நைனாருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். தொண்டூரில் பெண் எடுத்தவர். மெலிந்த ஆள். நடக்கும்போது ஒவ்வோர் அடியும் தரையைப் பார்த்துத்தான் வைப்பார், எறும்பு மிதிபடக் கூடாது என்று. மடை திறப்பதற்கு முன்னால் வாய்க்காலில் இருக்கிற தவளைகளைத் தடியால் தட்டி அப்புறப்படுத்துவார். “தவளைக்கு வழி விடறாரு பாரு” என்று இவர் சிரிப்பார். ஒரு மாதம் ஒத்திகை பார்த்த வசனம் இவருக்கு எல்லா இடத்திலும் உதவியது.

ஒரே கொட்டகையில்

மழை வந்த வேகத்துக்கு வருகிறேன்.

நைனார் பக்கத்தில் கிணற்றை ஒட்டி ஒரு கொட்டகை இருந்தது. பனையோலை கனமாக வேய்ந்தது. சுற்றுவட்டத்தில் ஒதுங்குவதற்கு வேறு இடம் கிடையாது. நான் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினேன்; கூழ் முதுகில் வழிந்தது. இவர் தம்முடைய கௌரவத்தோடு மரத்தடியிலேயே நின்றார். ஒரு கல் காதில் பட்டதும் அவரும் ஓடி வந்தார்.

கத்திரிப் பாத்திக்கு இறைத்துக்கொண்டிருந்த எங்கள் மாடுகள் கவலையில் பூட்டியபடி நின்றன. எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் மாட்டு நினைவு வரவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது. நைனார்தான் கல் மழையில் போய்ப் பூட்டாங்கயிற்றை அவிழ்த்து, இரண்டையும் ஓட்டிக்கொண்டு வந்தார். தோளில் ஓர் இடம் கன்றி நீலமாகியிருந்தது.

நாலு மாடு, மூன்று மனிதர், இரண்டு மாடு கட்டுகிற இடம். என்னை நடுவில் நிற்க விட்டார்கள். ஓலை மேல் கல் விழுகிற சத்தம், பெரிய முறத்தில் மொச்சைக்கொட்டையைப் போட்டுப் புடைக்கிற மாதிரி இருந்தது. ஈர மாட்டின் வாசனை. அதோடு சட்டென்று ஒரு குளிர். சித்திரை மாதத்தில் எனக்குப் பல் கிட்டிக்கொண்டது.

இவர் செவலையைத் தடவிக்கொடுத்தார்.

“செவலை, கயித்தை அவுத்தவருக்கு ஒரு கும்புடு போட்டுடு.”

“மயிலை, கும்புடெல்லாம் வேணாம். வாலை மட்டும் ஒதுக்கி வெச்சிக்கச் சொல்லு” என்றார் நைனார்.

“செவலை, வாலை ஜாக்கிரதையா பார்த்துக்க. அதுக்கும் முறை போட்டுடப் போறாங்க.”

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். மாமனார் வயதுக்காரர் எதிரில் நான் அதுவரை குரல் உயர்த்தியதில்லை.

“மாடுங்க பயந்துபோயி நடுங்குது. அதுங்களைப் போயி வம்புக்கு இழுக்கறீங்களே. அங்க நெல்லு போவுது, எள்ளு போவுது. ரெண்டு பேரும் வாயை மூடிக்கினு நில்லுங்க.”

இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். மூன்று பேரும் வெளியே பார்த்தோம். பார்ப்பதற்கு ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையாக ஒரு திரை. நான் ஜெபமாலையை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

நான் பிறந்த மண்டகப்பட்டில் ஆலங்கட்டி விழுந்தால் பெண்கள் அரிவாளை வாசலில் எறிவார்கள். இரும்பைக் கண்டால் அது நின்றுவிடும் என்பார்கள். சிறுமியாக இருந்தபோது ஒரு தடவை நானே எறிந்திருக்கிறேன். மழை நிற்கவில்லை. அரிவாளைத் தேடிக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது, அதற்காக அப்பாவிடம் அடி வாங்கினேன். அன்று கொட்டகையில் என் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் அரிவாள் ஓலையில் செருகியிருந்தது. அடி வாங்கியதெல்லாம் நினைவிருந்தும் எடுத்து எறியலாமா என்று யோசித்தேன். நைனார் வீட்டு அரிவாள் என்பதால் விட்டுவிட்டேன்.

ஜெபமாலையில் மூன்றாவது பத்து மணியைத் தாண்டும்போது மழை நின்றது.

மரத்தடியில் விழுந்தவை

நின்ற பிறகு எழுந்த அமைதியைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை.

வரப்பெல்லாம் வெள்ளையாகக் குவிந்து கிடந்தது. நெல் வயலில் தாள்கள் பாதி முறிந்து கிடந்தன. முறியாமல் நின்றவற்றின் கதிரில் ஒரு மணி இல்லை. எல்லாம் அடியில் சேற்றில் கொட்டிக் கிடந்தது. பொன் நிற நெல்லும் வெள்ளை ஆலங்கட்டியும் கலந்து, பார்ப்பதற்கு என்னமோ அழகாகத்தான் இருந்தது. அப்படித் தோன்றியதற்காக அப்போதே என்னை நானே திட்டிக்கொண்டேன்.

நாக்கு நுனியில் தயாராக ஒரு வார்த்தை வைத்திருந்தேன். தொண்டை, சுணை, ஈட்டி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வாக்கியமாகக் கேட்டுவிடுவது என்று. அவரைத் திரும்பிப் பார்த்தேன். வரப்பில் உட்கார்ந்து, சேற்றிலிருந்து ஒரு பிடி நெல்லை அள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். மீசை நனைந்து தொங்கியது. சின்னப் பிள்ளை மாதிரி முகம். முந்தானையை விரித்து அந்த ஒரு பிடி நெல்லை வாங்கிக்கொண்டேன்.

நைனாரின் எள் எங்களுடையதைவிட மோசம். காயெல்லாம் சிதறி வெறும் குச்சிகள் நின்றன. அவர் அதைப் பார்க்கவே இல்லை. நேரே எங்கள் பூவரச மரத்தடிக்குப் போனார். அங்கே கிளிகளும் மைனாக்களும் விழுந்து கிடந்தன. இருபது, முப்பது இருக்கும். நைனார் மேல்துண்டை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து, வயிற்றில் விரலை வைத்துப் பார்த்தார். சூடு இருந்தால் துண்டில் வைத்தார். இல்லாததை மரத்தின் வேர்ப்பக்கம் ஒதுக்கினார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“சொந்த எள்ளு அத்தனையும் பூடுச்சி. இந்த மனுசன் கிளியைப் பொறுக்கறாரு” என்றார் இவர், யாரிடம் என்று இல்லாமல்.

சொல்லிவிட்டு எழுந்து, கொட்டகையில் இருந்த கூடையை எடுத்துக்கொண்டு அங்கே போனார். அடியில் வைக்கோலைப் பரப்பினார். குனிந்து ஒரு மைனாவை எடுத்தார்.

“இதுக்கு உசுரு இருக்குது” என்று நைனாரிடம் நீட்டினார்.

“றெக்கையைப் புடிக்காத. ரெண்டு கையாலயும் ஏந்து” என்றார் நைனார்.

நடுவில் மாடு இல்லை. இரண்டு பேரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வெயில் வந்ததும் கூடையிலிருந்து பதினோரு பறவைகள் ஒன்றன் பின் ஒன்றாகப் பறந்து போயின. ஒரு கிளி போகிற போக்கில் என் வீட்டுக்காரரின் கட்டைவிரலைக் கடித்துவிட்டுப் போனது.

சட்டியில் கொண்டுபோன சாட்சி

கிளியிடம் கடி வாங்கிய என் வீட்டுக்காரருக்கு அடுத்து ஒரு யோசனை பிறந்தது.

பயிர்ச் சேதத்துக்கு வரித் தள்ளுபடி, அதாவது வஜா, கிடைக்கும், அதற்குச் செஞ்சித் தாலுகா கச்சேரியில் மனு கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கச்சேரிக்காரர்கள் கேள்வி கேட்பார்கள் என்பதும் தெரியும். “சித்திரை மாசத்துல ஐஸு விழுந்துச்சின்னா எவன் நம்புவான்? காட்டணும்” என்றார். செஞ்சி சோடாக் கடைக்கு மரத்தூள் போட்டு மூடி ஐஸ் வருவதை அவர் பார்த்திருக்கிறார். மரத்தூளுக்குப் பதில் உமி போட்டார். ஒரு மண்சட்டியில் பெரிய கல்லாகப் பொறுக்கி அடுக்கி, மேலே உமி கொட்டி, ஈரச் சாக்கால் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு வேகாத வெயிலில் செஞ்சிக்கு நடந்தார்.

அன்று விழுந்த கல் எலுமிச்சங்காய் அளவு. நான் கையில் எடுத்துப் பார்த்தேன். இப்போது பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அது மாதுளங்காய் அளவுக்கு வந்திருக்கிறது. இன்னும் பத்து வருஷம் போனால் பூசணிக்காய் ஆகிவிடும்.

கச்சேரியில் நடந்ததை அவர் எனக்குச் சொல்லவில்லை. உடன் இருந்த சிங்கவரத்துக்காரர் ஒருவர் சொன்னார். குமாஸ்தாவின் மேஜைமேல் இவர் சட்டியை இறக்கிச் சாக்கை அவிழ்த்திருக்கிறார்.

“இன்னாய்யா இது?”

“ஆலங்கட்டிங்க.”

குமாஸ்தா எட்டிப் பார்த்தார். “உமி மெதக்குது.”

“உமிக்கு அடியில பாருங்க.”

குமாஸ்தா பேனாக்கட்டையால் உமியை ஒதுக்கினார். “தண்ணி இருக்குது.”

“அதுதாங்க.”

குமாஸ்தா நல்ல மனிதர். சிரிக்காமல் மனுவை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார் என்று சொல்லி அனுப்பினார். சட்டியை என்ன செய்வது என்று தெரியாமல், இவர் கச்சேரி வாசலிலேயே உமியை ஊதி ஒதுக்கிவிட்டு அந்தத் தண்ணீரைக் குடித்தாராம். நல்ல தாகம்.

மறுநாள் காலையிலிருந்து மூன்று நாள் எல்லோரும் வயலில் குனிந்தோம். சேற்றோடு நெல்லை வழித்துக் கூடையில் போட்டு, கிணற்றடியில் அலசி, பாறையில் காயப் போட்டோம். நைனார் வீட்டுப் பெண்களும் முறத்தோடு வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. பொழுது சாய்வதற்குள் அவர்கள் சாப்பிட்டுவிட வேண்டும், அதனால் வெயில் இறங்கியதும் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார்கள். காலையில் எங்களுக்கு முன்னால் வந்து நிற்பார்கள். அப்படியும் கால் பங்குதான் தேறியது. மீதி சேற்றுக்குள் அழுந்திவிட்டது.

“அதுக்குப் பேரு நாத்துதானே?”

இன்ஸ்பெக்டர் வந்தபோது ஏறக்குறைய இருபது நாள் ஆகியிருந்தது. பட்டணத்துப் பிள்ளை, வேலைக்குப் புதுசு. கணக்குப்பிள்ளை குடை பிடித்துக்கொண்டு கூட வந்தார். வரப்பில் நடக்கத் தெரியாமல் இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை சறுக்கினார்.

வயலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. முறிந்த தாளையெல்லாம் அதற்குள் மாட்டுக்கு அறுத்துப் போட்டுவிட்டோம்; பெய்த மழையின் ஈரத்தில், சேற்றில் அழுந்திய நெல்லெல்லாம் முளைத்து, ஒன்றரைக் காணியும் பச்சைப் பசேல் என்று நின்றது.

“நாத்து ஜோரா வந்திருக்கே. இதைப் போயா சேதம்னு மனு குடுத்தீங்க?”

“நாத்து இல்லைங்க. நெல்லு கொட்டி மொளைச்சதுங்க” என்றார் இவர்.

“நெல்லு கொட்டி மொளைச்சா அதுக்குப் பேரு நாத்துதானே?”

இவர் என்னைப் பார்த்தார். நான் கணக்குப்பிள்ளையைப் பார்த்தேன். கணக்குப்பிள்ளை குடையைப் பார்த்தார். 

“ஐயா, நாங்க விதைக்கலைங்க. ஆலங்கட்டி விதைச்சது. வெளைஞ்ச நெல்லு முழுசும் பூடுச்சிங்க. ஒரு மணி வீடு வந்து சேரலை” என்றார் இவர். பாஸ்குவில்கூட அவ்வளவு உருக்கமாகப் பேசியதில்லை.

“சாட்சி உண்டா?”

“பக்கத்துக் கழனி நைனார் இருக்காருங்க. அவரு சொன்னா சரியா இருக்கும்” என்று கணக்குப்பிள்ளை சொன்னார்.  பறவைகளைப் பொறுக்கிய அன்று பேசியதுதான். அதற்கப்புறம் இவரும் நைனாரும் மறுபடி பழைய கூச்சத்துக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வழக்கும் தீரவில்லை.

நைனார் தரையைப் பார்த்துக்கொண்டே நிதானமாக வந்தார்.

“இவங்க நெல்லு ஆலங்கட்டியில போச்சா?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“போச்சிங்க. அறுப்புக்கு மொத நாளு.”

“முழுசுமா?”

நைனார் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் கண்ணாலேயே ஏதோ கெஞ்சினார்.

“முக்கால் பங்கு போச்சி. கால் பங்கு பொறுக்கி எடுத்தாங்க. எங்க வீட்டுப் பொம்பளைங்களும் பொறுக்கினாங்க.”

இவர் முகம் சுண்டைக்காய் ஆனது. இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நைனார் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். “உங்களுது?” என்று கேட்டார். “எள்ளு முழுக்கப் போச்சி” என்றார் நைனார். அதற்கு ஒரு கேள்விகூடக் கேட்காமல் எழுதினார். பிற்பாடு இரண்டு பேருக்கும் வஜா வந்தது, அவர் எழுதியபடியே.

“காட்டிக் குடுத்துட்டாரு” என்று அன்று முழுக்க இவர் புலம்பினார்.

“கால் பங்கு வீட்டுல இருக்குது. இல்லைன்னு சொல்லச் சொல்றீங்களா? நாளைக்கு இன்ஸ்பெக்டரு நெல்லுக் குதிரைத் திறந்து பார்த்தா?”

இவர் துண்டை உதறிக்கொண்டு போனார்.

யாருடைய யோசனை?

எனக்கு அந்த இன்ஸ்பெக்டர் சொன்னது மட்டும் மண்டையில் நின்றது. மறுநாள் போய் முளைத்ததில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வெள்ளை வேர், ஒரு சாண் உயரம். விதைத்து முளைத்த நாற்றுக்கும் இதற்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அடுத்த பட்டமான சொர்ணவாரிக்கு நாள் சரியாக இருந்தது.

“இதையே புடுங்கி, உழுது, நட்டுடலாங்க” என்றேன்.

“கொட்டி மொளைச்சதை எவனாவது நடுவானா? ஊரு சிரிக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு பேர் நடுவில் அவர் குரல் கேட்டது. “நான் யோசிச்சிப் பார்த்தேன். அது நாத்துதானே? ஏன் நடக் கூடாது?” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது தம்முடைய யோசனை என்று இன்றைக்கும் சொல்கிறார். இந்தப் பத்தியைப் படித்துவிட்டும் சொல்வார்.

நாற்று இருந்தது. தண்ணீர்தான் இல்லை. வைகாசி வெயிலில் கிணறு இறங்கிவிட்டது. மூன்று நாள் முறையில் ஒன்றரைக் காணியை நனைக்க முடியாது. அரைக் காணி நடலாம், மீதியை விட்டுவிடலாம் என்று நாங்கள் கிணற்றடியில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது நைனார் வந்தார். மாட்டை ஓட்டி வரவில்லை. வெறுங்கையோடு வந்தார்.

“எனக்கு எள்ளு இல்லை. ஆடி வரைக்கும் தண்ணி எதுக்கு? என் முறையும் நீங்களே எறைச்சிக்குங்க.”

இவர் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

“ஞாயித்துக்கிழமை நீங்க மாடு பூட்ட மாட்டீங்க. அன்னிக்கு நான் எறைக்கறேன். மடையை உங்க பக்கம் திருப்பி வெச்சிட்டுப் போங்க.”

சொல்லிவிட்டு, வந்த மாதிரியே தரையைப் பார்த்துக்கொண்டு போனார்.

அந்த வைகாசியிலும் ஆனியிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து நாங்கள் திரும்பும்போது கழனியில் தண்ணீர் நிறைந்திருக்கும். முதல் ஞாயிறு இவர் வரப்பில் நின்று கும்பிட்டார். நைனார் கையை அசைத்து, மாட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டே இருந்தார். இரண்டாவது ஞாயிறு பூசைத் துணியை மாற்றிக்கொண்டு போய், சாலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மாடு தொடக் கூடாது, பேசலாம் என்று தமக்குத் தாமே ஒரு சட்டம் செய்துகொண்டார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பொழுது போவது தெரியாமல் பேசினார்கள்.

ஆவணியில் அறுத்தோம். வழக்கமான விளைச்சலில் முக்கால் பங்கு வந்தது. பழுத்த மறுநாளே அரிவாளோடு முதலில் வயலில் இறங்கியவர் என் வீட்டுக்காரர்.

எங்கள் வீட்டுப் பானையில் வெந்ததை நைனார் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். அரிசியாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். புது நெல்லைக் குத்திப் புடைத்து ஒரு முறம் நிறைய அரிசியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருடைய மனைவி வாங்கி முகத்தருகே வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே எடுத்துப் போனார்.

மறுநாள் காலையில் வரப்பில் எதிர்ப்பட்ட நைனாரிடம் என் வீட்டுக்காரர் கேட்டார்.

“அரிசி எப்டிங்க இருந்துச்சி?”

நைனார் பகடி பேசி யாரும் கேட்டதில்லை. அன்றும் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

“நல்லா வெந்துச்சி. ஆனா உள்ளுக்குள்ள இன்னும் கொஞ்சம் ஜில்லுனுதான் இருக்குது.”

இவர் அப்படியா என்று கவலையோடு தலையாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்து என்னிடம், “அரிசியை நல்லா காய வெச்சிதானே குத்தினே?” என்று கேட்டார். நைனார் என்ன சொன்னார் என்று முழுதும் கேட்டு, நான் சிரிக்க ஆரம்பித்தேன். கால் கழுவச் செம்பை எடுத்தவர் பாதியில் நிறுத்தினார். புரிந்தது. செம்பைக் கீழே வைத்துவிட்டு, எதிரில் இருந்த சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்.